கோமதி பூட்டிய பிரேக்

எங்கள் வீட்டில் ஒரு மோரிஸ் மைனர் கார் இருக்கிறது. ஐம்பத்துநாலாம் வருஷத்து மாடல். அப்பா வாங்கியது. அப்பா போன பிறகு அண்ணா வைத்தீஸ்வரன், நான், தம்பி மகேஷ் மூன்று பேருக்கும் பொதுச் சொத்து. பொதுச் சொத்து என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியாதா? எங்கள் மூன்று பேரில் ஒருத்தரும் அதன் மேல் ஒரு ஈரத்துணி போட்டுத் துடைத்ததில்லை. அந்த வண்டி இன்றைக்கும் தானாக ஸ்டார்ட் ஆகி, தானாக ஓடி, சொன்ன இடத்தில் நிற்கிறதென்றால் அதற்கு ஒரே காரணம் அண்ணாவின் பெண்டாட்டி கோமதி. அவளைப் பற்றிச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். நடுவில் யாரும் குறுக்கே பேசக்கூடாது.

நான் ராஜலக்ஷ்மி. பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்து ரிட்டயர் ஆனவள். பெங்காலி பேசுகிற இந்த ஊரில், லேக் மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கிற சந்தில் எங்கள் வீடு. கீழே அண்ணா குடும்பம், மாடியில் நான். கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டேன். ஏன் என்று கேட்டால் எனக்குக் கோபம் வரும். கோமதி எனக்கு வயதில் ஒரு வருஷம் சின்னவள், உறவில் மன்னி. மன்னி என்றாலும் எங்களுக்குள் வா, போதான்.

கல்லிடைக்குறிச்சியிலிருந்து அவள் கல்யாணமாகி இங்கே வந்தபோது பெங்காலியில் ஒரு வார்த்தை தெரியாது. வந்த முதல் வாரமே தனியாக மார்க்கெட்டுக்குப் போனாள். போகாதே, ஏமாற்றிவிடுவான் என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். கோமதி முருங்கைக்காயும் பிடிகருணையும் வாங்கிக்கொண்டு, கடைக்காரனைச் சண்டையில் ஜெயித்துவிட்டு வந்தாள். எந்த பாஷையில் சண்டை போட்டாள் என்று இன்றுவரை எங்களுக்குப் புரியவில்லை. இப்போது பெங்காலி சரளமாகப் பேசுகிறாள், ஆனால் ராகம் மட்டும் சுத்தத் திருநெல்வேலி. அந்தக் கடைக்காரன் இன்றும் அவளைக் கண்டால் நல்ல காயை எடுத்துத் தனியே வைக்கிறான்.

அவளுக்கு ஒரு இன்ஷூரன்ஸ் ஆபீசில் வேலை. விபத்தான வண்டிகளைப் போய்ப் பார்த்து ரிப்போர்ட் எழுத வேண்டும். நசுங்கின காரைச் சுற்றி ஒரு சுற்று வருவாள், குனிந்து சக்கரத்தைப் பார்ப்பாள், "பிரேக்கை மிதிச்சிருக்கான், பிடிக்கலை" என்பாள். இல்லாவிட்டால், "பிடிச்சுது, ஆனா இழுத்துடுத்து" என்பாள். அங்கே தொற்றிக்கொண்ட பழக்கம்தான் வீட்டுக் கார் வரை வந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆனால் அண்ணாவின் பழைய முழுக்கைச் சட்டையைப் புடவைக்கு மேலே மாட்டிக்கொண்டு காருக்கு அடியில் போய்விடுவாள். அண்ணா பாங்க்கில் பெரிய ஆபீசராக இருந்தவன். ஸ்டியரிங்கைப் பிடித்தால் அவனுக்குக் கை வியர்க்கும். அவனுடைய பங்கு, வெயில் படாமல் பெண்டாட்டிக்குக் குடை பிடிப்பது. அதையும் சரியாகப் பிடிக்க மாட்டான்.

கோமதியிடம் ஒரு வார்த்தை உண்டு: ஆயிடும். "பார்க்கலாம்" என்றோ "முயற்சி பண்றேன்" என்றோ அவள் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. கேஸ் தீர்ந்துபோன அன்று பத்துப் பேர் சாப்பிட வந்தாலும் ஆயிடும். இஞ்சின் நடுரோட்டில் நின்றாலும் ஆயிடும். சில சமயம் எனக்கு எரிச்சலாக வரும், இவளுக்கு எது ஆகாது என்று.

ஆகாத ஒன்று போன வருஷம் நடந்தது. ராஸ்பிஹாரி ரோட்டில் போய்க்கொண்டிருந்தோம். கோமதி ஓட்டினாள், நான் முன் ஸீட்டில். அப்போதெல்லாம் பிரேக் வேலையை மட்டும் வெளியே ஒரு ஒர்க்‌ஷாப்பில் கொடுப்போம். கொடுத்து வாங்கி ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. முன்னால் போன ரிக்‌ஷா திடீரென்று நின்றது. கோமதி பிரேக்கை மிதித்தாள். வண்டி நிற்பதற்குப் பதிலாக இடது பக்கமாகப் பாய்ந்து பிளாட்பாரத்தில் ஏறி, டீக்கடை பெஞ்சை இடித்துத் தள்ளிவிட்டு நின்றது. நல்லவேளை, பெஞ்சில் யாரும் இல்லை. என் நெற்றி எதிரே இருந்த தகரத்தில் மோதிப் பிளந்தது. தையல் போட்டார்கள். தழும்பு இதோ இருக்கிறது.

மறுநாளே கோமதி முன்சக்கரம் இரண்டையும் கழற்றினாள். இந்தக் காரில் சக்கரத்துக்கு உள்ளே டிரம் என்று ஒரு இரும்புச் சட்டி சுற்றும். அதற்குள்ளே பிறை மாதிரி வளைந்த இரண்டு கட்டைகள், அதுதான் பிரேக் ஷூ. ஷூவின் முதுகில் லைனிங் என்று ஒரு சொரசொரப்பான பட்டை ஒட்டியிருக்கும். மிதித்தால் ஷூ விரிந்து, அந்தப் பட்டை சட்டியின் உள்பக்கத்தில் தேய்ந்து, சக்கரம் நிற்கும். அவ்வளவுதான் சமாசாரம். அந்த ஒர்க்‌ஷாப் மகானுபாவன் இடது பக்கத்துக்கு மட்டும் புது லைனிங் போட்டுவிட்டு, வலது பக்கத்தில் தேய்ந்ததையே விட்டிருந்தான். ஒரு பக்கம் பிடிக்கிறது, ஒரு பக்கம் சும்மா இருக்கிறது. அப்புறம் வண்டி எந்தப் பக்கம் போகும்? கோமதி தானே இரண்டு பக்கமும் ஒரே மாதிரி புது லைனிங் ஒட்டின ஷூக்களைப் பூட்டினாள், அன்றிலிருந்து வேறு யாரையும் சக்கரத்தில் கை வைக்க விடவில்லை. நானும் அன்றிலிருந்து அந்த வண்டியில் ஏறவில்லை. அவள் கூப்பிடவில்லை, நானும் கேட்கவில்லை.

விஷயம் சென்னையில் இருக்கிற மகேஷ் காதுக்குப் போயிற்று. அவன் எங்கள் எல்லோருக்கும் சின்னவன், ஆனால் பேச்சில் எல்லோருக்கும் பெரியவன். அவனுக்குப் பழைய கார் சேர்க்கிற சிநேகிதன் ஒருத்தன் உண்டு. "அக்கா மண்டை உடைஞ்சது போறும். அடுத்த தடவை யாராவது செத்துப்போவா. வண்டியை இங்க அனுப்பிடுங்கோ, அவன் ஷெட்டுல பத்திரமா இருக்கும்" என்று போனில் ஒரே பிடியாக நின்றான். ஜனவரி மாசம் இங்கே பழைய கார் ஊர்வலம் நடக்கும். அதற்கு முதல் நாள் மைதானத்தில் பிரேக் பரிசோதனை. மகேஷ் தீர்ப்புச் சொல்லிவிட்டான்: "நான் வரேன். பரிசோதனைல மன்னி பக்கத்துல நானே உக்காந்துக்கறேன். வண்டி நேரா நின்னா இங்கயே இருக்கட்டும். கோணித்துன்னா அன்னிக்கே லாரில ஏத்திடுவேன்." சொன்னதோடு விட்டானா? சாந்த்ராகாச்சியில் ஒரு லாரிக்காரனிடம் புக் பண்ணியும் வைத்துவிட்டான்.

அண்ணா சரி என்றான். அவன் எல்லாவற்றுக்கும் சரி என்பான். நானும் வேண்டாம் என்று சொல்லவில்லை, நெற்றி வலி யாருக்குத் தெரியும். கோமதி மட்டும், "வா மகேஷ். பக்கத்துல உக்காரு. ஆயிடும்" என்றாள். அன்றைக்கு அவள் வைத்த ரசத்தில் உப்பே இல்லை. இத்தனை வருஷத்தில் அவள் உப்பு மறந்து நான் பார்த்ததில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது, உள்ளுக்குள் இவள் ஆடிப்போயிருக்கிறாள் என்று. வந்த இடத்தில் வீடு மாமனாருடையது, பாத்திரம் மாமியாருடையது, பாஷை ஊராருடையது. அந்தக் கார் ஒன்றைத்தான் அவள் தன் கையால் தனக்காக ஆக்கிக்கொண்டாள். அது லாரியில் ஏறினால் அவள் ஒடிந்துபோவாள். பேப்பரில் அவளுக்கு அதில் ஒரு திருகாணி கூடச் சொந்தமில்லை.

பரிசோதனைக்கு முதல் நாள் சரஸ்வதி பூஜை. ஆபீஸ் லீவு. அன்றைக்கு முன்பிரேக்கைப் பிரித்து, புது லைனிங் ஒட்டின ஷூக்களைப் போட்டுவிடுவது என்று கோமதியின் திட்டம். பழையதே இன்னும் ஒரு வருஷம் வரும், லைனிங்கில் நல்ல கனம் இருக்கிறது என்று அவளே சொன்னாள். பின்னே எதற்குப் புதுசு என்றேன். "மகேஷ் வாயைத் திறக்கப்படாது, அதுக்கு" என்றாள்.

காலையிலேயே தெருவில் ஒலிபெருக்கி ஆரம்பித்துவிட்டது. மஞ்சள் புடவை கட்டிய பெண்கள் புஷ்பாஞ்சலிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். கோமதி வீட்டு வாசலில் காரை ஜாக்கியில் தூக்கி, சமையலறை மணையைப் போட்டுச் சக்கரத்துக்கு எதிரே உட்கார்ந்தாள். பக்கத்தில் பழைய அஞ்சறைப் பெட்டி. கடுகு இருந்த கிண்ணத்தில் ஸ்பிரிங், மிளகு இருந்த கிண்ணத்தில் பின், அப்படி. உள்ளே இருக்கிற தூசியை வாயால் ஊத மாட்டாள், அது நெஞ்சுக்கு ஆகாதாம். ஈரத்துணியால் ஒற்றி எடுப்பாள். இன்னொரு பழக்கம், ஒரு பக்கத்தைப் பிரித்துப் பூட்டி முடிக்கிற வரை மறுபக்கத்தைத் தொட மாட்டாள். எந்த ஸ்பிரிங் எந்த ஓட்டையில் மாட்டியிருந்தது என்று சந்தேகம் வந்தால் போய்ப் பார்க்க மறுபக்கம் பிரிக்காமல் அப்படியே இருக்கும். நல்ல பழக்கம். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு நான் சொன்னதும் இதுதான், ஒருத்தரும் கேட்கவில்லை.

இடது பக்கத்தைப் பிரித்தபோது உள்ளே இருக்கிற சின்ன சிலிண்டரின் ரப்பர் லேசாக ஊறியிருந்தது தெரிந்தது. ஒழுகவில்லை, ஆனால் கோமதிக்கு மனசு ஒப்பவில்லை. மல்லிக் பஜாரில் தெரிந்த கடைக்காரருக்குப் போன் செய்தாள். பூஜையானாலும் மத்தியானம் வரை இருப்பேன், வாருங்கள் என்றார். புது ஷூக்களைத் திண்டு மாதிரி மடித்த செய்தித்தாள் மேல் வரிசையாக வைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு பஸ் ஏறிப் போனாள்.

அவள் அந்தப் பக்கம் போனாள், முந்தின ராத்திரி சென்னையிலிருந்து வந்து இறங்கியிருந்த மகேஷ் இந்தப் பக்கம் குளித்துவிட்டு வந்தான். இங்கேயே பிறந்து வளர்ந்தவன்தான். ஆனால் காலேஜுக்குப் போனபோது விட்ட ஊர். இப்போது சென்னைப் பழக்கம் தலைக்கேறிவிட்டது, பக்தி அதற்கு மேலே ஏறிவிட்டது. சரஸ்வதி பூஜை என்று காதில் விழுந்ததும் அவனுக்கு நவராத்திரிதான் ஞாபகம். நம் ஊரில் சரஸ்வதி பூஜையும் ஆயுத பூஜையும் சேர்ந்தே வரும். இங்கே சரஸ்வதி தை மாசத்தில் தனியாக வருகிறாள், ஆயுதத்துக்கெல்லாம் விஸ்வகர்மா பூஜை என்று செப்டம்பரிலேயே முடித்துவிடுவார்கள். எங்கள் வீட்டில் அதையும் பண்ணுவோம், நவராத்திரியிலும் ஒரு தடவை பண்ணுவோம். மூன்றாவது தடவை யாரும் பண்ணினதில்லை.

நான் மாடியில் துணி உலர்த்திவிட்டு இறங்கி வந்தால், கூடத்தில் சரஸ்வதி படத்துக்கு முன்னால் கோமதியின் ஸ்பேனர், ஸ்க்ரூடிரைவர், சுத்தியல் எல்லாம் பட்டுத்துணி மேல் படுத்திருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் சந்தனம், குங்குமம், பூ. அந்த வரிசையில் நாலு புது பிரேக் ஷூவும் உட்கார்ந்திருந்தது. அதில் எங்கே பொட்டு வைத்திருந்தான் தெரியுமா? டிரம்மில் தேய வேண்டிய அந்தப் பட்டையின் மேலே. சொரசொரப்பில் குங்குமம் நிற்கவில்லை என்று நல்லெண்ணெயில் குழைத்துத் தாராளமாக அப்பியிருந்தான்.

"என்னடா பண்ணியிருக்கே?" என்றேன்.

"பின்ன என்னக்கா, இன்னிக்குப் போய் சாமானெல்லாம் வாசல்ல அநாதையா கிடக்கறது. நாளைக்கு உயிரைக் கையில பிடிச்சுண்டு உக்காரப் போறவன் நான். ஒரு தீபாராதனை கூடவா பண்ணப்படாது?"

எண்ணெய்க்கும் பிரேக்குக்கும் ஆகாது என்று எனக்கே தெரியும். வாயைத் திறப்பதற்குள் கோமதி வந்துவிட்டாள். வாசற்படியில் செருப்பைக் கழற்றினவள் அப்படியே நின்றாள். ஷூவைப் பார்த்தாள், எண்ணெய்க் கிண்ணத்தைப் பார்த்தாள், மகேஷைப் பார்த்தாள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

"பேஷா பண்ணியிருக்கே மகேஷ்" என்றாள்.

"மன்னி, ஒண்ணு சொல்லணும்" என்று அவன் சட்டம் பேச ஆரம்பித்தான். "பூஜைல வெச்ச கருவியை இன்னிக்குத் தொடப்படாது. நாளைக்குக் காலம்பற புனர்பூஜை பண்ணினப்புறம்தான். ஆனா வண்டிக்குள்ள போற சாமானை எடுத்துக்கலாம், அதுல தோஷம் இல்லை." சொல்லிவிட்டு நாலு ஷூவையும் எடுத்துத் துண்டால் நன்றாகத் துடைத்தான். அதாவது ஒரு பொட்டாக இருந்த எண்ணெயைப் பட்டை முழுக்கத் தடவினான். "இந்தாங்கோ, சுத்தமா துடைச்சுட்டேன்" என்று அவள் கையில் கொடுத்துவிட்டு, சால்ட் லேக்கில் பழைய சிநேகிதன் வீட்டில் சாப்பாடு என்று கிளம்பிப் போய்விட்டான்.

அவன் தலை மறைந்ததும் நான் குதித்தேன். "ஏன் வாயில கொழுக்கட்டையா? நாக்கைப் பிடுங்கிக்கற மாதிரி நாலு கேக்கறதுக்கென்ன?"

"கேட்டா என்ன சொல்லுவான்? லைனிங்ல எண்ணெய் பட்டுடுத்துன்னு நான் சொன்னா, அப்போ பிரேக் சரியில்லைன்னு அர்த்தம், நாளைக்கு வரைக்கும் எதுக்குன்னு லாரிக்காரனைக் கூப்பிடுவான். சொல்லாம இருந்தா ஒரு நாள் இருக்கு எனக்கு."

பெட்ரோல் போட்டுத் துடைத்துவிட முடியாதா என்றேன். முடியாதாம். அந்தப் பட்டை எண்ணெயைக் குடித்துவிடும். மேலே காய்ந்த மாதிரி இருக்கும், சூடேறினதும் உள்ளேயிருந்து கசிந்து வழுக்கும். மறுபடி லைனிங் ஒட்டித் தருகிறவன் பூஜைக்குக் கடையடைத்துவிட்டு ஊருக்குப் போயிருந்தான். ஷூ போயிற்று, கருவியெல்லாம் அம்பாள் காலடியில். எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. கோமதி மணையில் உட்கார்ந்து, கழற்றி வைத்த பழைய ஷூவைக் கையில் எடுத்தாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு அதை டிரம்முக்குள் வைத்து, இடைவெளி இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அவள் முகம் மெல்லத் தெளிந்தது.

"ராஜி, நான் எவ்வளவு அசடு பார். இது எப்படி ஒட்டிண்டு உக்காந்திருக்கு. இதே டிரம்முல ஒரு வருஷமா தேஞ்சு பழகினது. புதுசு போட்டா அங்கங்கதான் படும், நல்லா பிடிக்கணும்னா கொஞ்ச நாளாவது ஓட்டணும். நாளைக்குக் காலம்பறயே பரிசோதனை. மகேஷுக்கு பயந்துண்டு, தெரிஞ்ச விஷயத்தை நானே மறந்திருக்கேன்." சொல்லிவிட்டு எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டாள். "பழசையே போடறேன். ஆயிடும்."

கருவி கேட்டு, அடுத்த சந்தில் டாக்ஸி ரிப்பேர் பண்ணுகிற பாபுவிடம் போனோம்; பாபு அண்ணா என்பதைத்தான் இங்கே பாபுதா என்பார்கள். பாபுதா விழுந்து விழுந்து சிரித்தார். "பௌதி, சரஸ்வதிக்கு எதுக்கு ஸ்பேனர்? அவள் வீணைக்கு நட்டு போட்டு முறுக்கப் போறாளா?" என்று கேட்டார். பௌதி என்றால் இங்கே மன்னி. கேட்டபடியே தன் பெட்டியை அப்படியே தூக்கிக் கொடுத்தார். கோமதி கூடத்தில் இருந்த தன் கருவி ஒன்றையும் தொடவில்லை. "அவன் ஆசையா வெச்சிருக்கான், இருந்துட்டுப் போகட்டும்" என்றாள். எனக்கு இந்தப் பெருந்தன்மையெல்லாம் வராது.

உப்புத்தாளால் பழைய பட்டையின் பளபளப்பைத் தேய்த்து எடுத்தாள். புது ரப்பரைப் போட்டாள். ஸ்பிரிங்கை இழுத்து மாட்டும்போது பல்லைக் கடித்துக்கொண்டாள். இடது முடிந்து வலது. அப்புறம் பிரேக் திரவம் ஓடுகிற குழாயில் சேர்ந்த காற்றை வெளியேற்ற வேண்டும். அதற்கு ஒருத்தர் உள்ளே உட்கார்ந்து பெடலை மிதிக்க வேண்டும். அண்ணா தூங்கிக்கொண்டிருந்தான். கோமதி என்னைப் பார்த்தாள்.

"நிக்கற வண்டிதான் ராஜி. சக்கரம் கூட ஆகாசத்துல இருக்கு" என்றாள்.

ஏறினேன். கதவைத் திறந்தே வைத்துக்கொண்டேன், சொல்வதற்கு என்ன வெட்கம். கீழேயிருந்து அவள் குரல்: "மிதி. பிடிச்சுக்கோ. விடாதே. இப்ப விடு." அவள் பக்கத்தில் ஊறுகாய் பாட்டில், அதற்குள் விட்டிருந்த குழாயில் காற்றுக் குமிழி வருவது நிற்கிற வரை மிதித்தேன். முதலில் பெடல் தொளதொளவென்று தரைவரை போயிற்று. போகப்போகக் கெட்டியாகி, கடைசியில் காலை எதிர்த்துக்கொண்டு நின்றது. என் காலுக்கு அது தெரிந்ததும் எனக்கே கொஞ்சம் தைரியம் வந்தது.

கடைசி வேலை ஷூவுக்கும் டிரம்முக்கும் நடுவில் இடைவெளி வைப்பது. டிரம்மில் ஒரு ஓட்டை வழியாக ஸ்க்ரூடிரைவரை விட்டு, சக்கரம் இறுகி நிற்கிற வரை திருகுவாள்; அப்புறம் ஒரு துளி தளர்த்துவாள். கையால் சக்கரத்தைச் சுற்றிவிட்டுக் காதை வைத்துக் கேட்பாள். இடது பக்கம் கேட்கிற உரசல்தான் வலது பக்கமும் கேட்க வேண்டும். போதும் போ என்று நான் சொன்ன பிறகும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நடந்துகொண்டே இருந்தாள். பொழுது சாய்வதற்குள் சந்தில் ஓட்டி நிறுத்திப் பார்த்தாள். எண்ணெய் பட்ட ஷூ நாலையும் பேப்பரில் சுற்றி டிக்கியில் போட்டாள், அடுத்த வாரம் லைனிங் மாற்றக் கொடுப்பதற்கு.

மறுநாள் காலையில் மகேஷ் புனர்பூஜையை முடித்துக்கொண்டு முன் ஸீட்டில் ஏறினான். எனக்கு மெட்ரோ போதும் என்று நான் தனியாகப் போனேன். மைதானத்தில் பனி இன்னும் விலகவில்லை. பளபளவென்று ஏகப்பட்ட பழைய கார்கள், அவற்றுக்குப் பக்கத்தில் கோட்டுப் போட்ட கனவான்கள். எல்லோருக்கும் ஆளுக்கொரு மெக்கானிக். கோமதி மட்டும் நகக்கண்ணில் கறுப்போடு தானே ஓட்டிக்கொண்டு வந்தாள்.

தரையில் இரண்டு சுண்ணாம்புக் கோடு. வேகமாக வர வேண்டும், கொடி விழுந்ததும் பிரேக் அடிக்க வேண்டும், எந்தக் கோட்டையும் சக்கரம் தொடாமல் நிற்க வேண்டும். எங்களுக்கு முன்னால் போன ஒரு பெரிய மனுஷனின் கார் வாலை ஆட்டிக் கோட்டைத் தாண்டிவிட்டது. அடுத்தது எங்கள் வண்டி. தூரத்திலேயே மகேஷின் முகம் தெரிந்தது, இரண்டு கையாலும் ஸீட்டைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தான். கோமதி கண்ணிமைக்கவில்லை. கொடி விழுந்தது. என் நெற்றித் தழும்பு விண்ணென்று தெறித்தது. வண்டி மூக்கைக் கீழே அமுக்கிக்கொண்டு, நூல் பிடித்த மாதிரி நடுவில் நின்றது. பரிசோதகர் குனிந்து இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

மகேஷ் இறங்கின உடனே கைகூப்பினான். "அம்பாள் காப்பாத்திட்டா. நேத்து பூஜை பண்ணின ஷூவாச்சே, எப்படிக் கோணும்?" என்றான். அதோடு விட்டால் பரவாயில்லை. பரிசோதகரிடம் போய், பாதி மறந்துபோன பெங்காலியில் பூஜை மகிமையை விளக்க ஆரம்பித்துவிட்டான். கோமதி பக்கத்தில் நின்று, "ஆமாம் ஆமாம்" என்று சிரித்துக்கொண்டிருந்தாள். வண்டி தப்பித்ததே போதும் அவளுக்கு. எனக்குப் போதவில்லை. கோபம் உச்சந்தலைக்கு ஏறிற்று. டிக்கியைத் திறந்தேன், பொட்டலத்தை எடுத்தேன், பிரித்து அவன் மூக்குக்கு நேரே நீட்டினேன்.

"இதோ உன் பூஜை. நன்னா பாரு, எண்ணெய் பிசுக்கு. இதைப் போட்டிருந்தா இந்நேரம் ஹூக்ளி ஆத்துல மிதந்திண்டிருப்பே. அவ பாபுதா கிட்ட கருவி கடன் வாங்கி, பழைய ஷூவைத் தேய்ச்சுப் பூட்டினா. நீ சால்ட் லேக்ல பாயசம் குடிச்சிண்டிருந்தே."

மகேஷ் ஷூவையும் குங்குமக் கறையையும் மாறி மாறிப் பார்த்தான். முகம் சுண்டிப்போயிற்று. "ஏன் மன்னி என்கிட்ட சொல்லலை?" என்றான்.

"சொன்னா லாரியைக் கூப்பிட்டிருப்பே" என்றாள் கோமதி. பிறகு அந்த மகராஜி சும்மா இருந்தாளா? "ஆனா ஒண்ணு மகேஷ். நீ எண்ணெய் தடவலைன்னா நான் புதுசைத்தான் போட்டிருப்பேன். புதுசு இன்னிக்கு இவ்வளவு நேரா நின்னிருக்காது. தப்பு பண்ணப் பார்த்தது நான். அதையும் நீ தெரிஞ்சுக்கணும்."

எனக்குக் கன்னத்தில் அறைந்துகொள்ள வேண்டும் போல் இருந்தது. ஜெயித்த கேஸில் தன் மேல் தானே சாட்சி சொல்கிற வக்கீலை எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா? மகேஷ் பொட்டலத்தை என் கையிலேயே திணித்தான். பாக்கெட்டிலிருந்து போனை எடுத்துக்கொண்டு அப்பால் நடந்தான். போச்சு, லாரிதான் என்று நினைத்தேன். நின்ற வண்டியை என் வாயாலும் அவள் வாயாலும் சேர்ந்து தள்ளிவிட்டோம். கோமதி காரின் கதவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

என்னால் நிற்க முடியவில்லை, பின்னாலேயே போனேன். லாரிக்காரனோடுதான் பேசிக்கொண்டிருந்தான், தத்துப்பித்தென்று ஹிந்தியில். "இல்லை, தேதி மாத்தலை. வேண்டவே வேண்டாம். அட்வான்ஸை நீயே வெச்சுக்கோ" என்றான். அந்தப் பக்கம் அவன் ஏதோ கத்தினான். மகேஷ் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டான். அப்புறம் சொன்னான்: "நான் தப்பா புக் பண்ணிட்டேன்பா. வண்டி என்னோடது இல்லை. எங்க மன்னியோடது."

சத்தமாகத்தான் சொன்னான். வேண்டுமென்றே சத்தமாகச் சொன்னானோ என்னவோ. நான் திரும்பிப் பார்த்தபோது கோமதி கார் பானெட்டைத் திறந்து தலையை உள்ளே விட்டிருந்தாள். இஞ்சினில் ஒரு கோளாறும் இல்லை, பார்ப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை. அவள் தோள் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது. கோட்டுப் போட்ட கனவான் ஒருத்தர் என்ன ரிப்பேர், உதவட்டுமா என்று கேட்டுக்கொண்டு கிட்டே வந்தார். ஒன்றுமில்லை, ஆயிடும் என்று அவரை அனுப்பிவிட்டு, மற்றவர்கள் கண்ணில் படாமல் நான் புடவைத் தலைப்பை விரித்துக்கொண்டு அவளுக்கு முன்னால் நின்றேன்.